சின்னக் கார், சின்ன ஸ்பிரிங், பெரிய குழப்பம்

ரிமோட் கார் என்றதும் பலருக்கு நினைவு வருவது, பிறந்தநாளுக்கு வாங்கித் தந்து, மறுவாரமே வயர் அறுந்து பரணில் ஏறிய பொம்மைதான். இன்னொரு வகை ரிமோட் கார் இருக்கிறது. உதிரி உதிரியாகப் பெட்டியில் வரும். வாங்குபவரே திருகாணி முடுக்கிச் சேர்க்க வேண்டும். நிஜக் காரில் உள்ள டிஃபரன்ஷியல், சஸ்பென்ஷன், ஷாக் அப்சார்பர் எல்லாம் அதில் உண்டு. அதற்கு உலகக் கோப்பைப் போட்டிகூட நடக்கிறது.

இந்தக் காரை வாங்கும் புதியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: ஸ்பிரிங். கடையில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று மிட்டாய் மாதிரி தொங்கும். எது நல்லது? உலக சாம்பியன் எதைப் போட்டாரோ அதுதானே நல்லது! வாங்கி மாட்டினால் கார் முன்பைவிட மோசமாக ஓடும். இன்னொரு நிறம், அப்புறம் இன்னொரு நிறம். காசு போகும், கடைசியில் ஆர்வமும் போகும். இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று புரிய, கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் ஸ்பிரிங்கே கிடையாது. கடைக்கு வந்த முதல் ரிமோட் கார்களில் ஒன்று, இத்தாலியின் எல்ஜி நிறுவனம் 1966-ல் விற்ற ஃபெராரி 250 எல்எம். நிஜக் காரில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. அதன் பிறகு வந்த ரேஸ் கார்கள் பலவும் ஒரு தட்டைத் தகடு, அதில் நான்கு சக்கரம், அவ்வளவுதான். தார்த் தரை வழவழப்பாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. தகடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஸ்பாஞ்ச் டயர் கொஞ்சம் அமுங்கும். அதுதான் சஸ்பென்ஷன்!

ஜப்பானில் ஷிசுவோகா நகரத்தின் தமியா நிறுவனம் 1976-ல் முதல் ரிமோட் காரை வெளியிட்டபோதும் நிலைமை இதுதான். அது போர்ஷ் 934. அதன் பின்னணி வணிகவியல் பாடத்தில் வைக்கத் தக்கது. முதலில் அவர்கள் செய்தது ஓடாத, அலமாரியில் வைக்கும் பிளாஸ்டிக் மாடல். அதைத் துல்லியமாகச் செய்ய ஒரு நிஜ போர்ஷ் காரையே வாங்கிக் கழற்றிப் பார்த்தார்கள். செலவு எகிறிவிட்டது. அச்சுக்குப் போட்ட முதலை எப்படித் திருப்பி எடுப்பது? அதே உடம்புக்குள் மோட்டாரையும் பேட்டரியையும் வைத்து ரிமோட் காராக விற்றார்கள். நஷ்டத்தை ஈடுகட்டச் செய்த வேலை ஒரு புதிய தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

தார்த் தரையை விட்டு மண்ணுக்கு இறங்கியபோதுதான் ஸ்பிரிங் கட்டாயமானது. 1979-ல் தமியாவின் ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் இரண்டும் வந்தன. கலிஃபோர்னியா மணல் பக்கம் ஓடிய, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை மாற்றிச் செய்த பக்கி வண்டிகள்தான் முன்மாதிரி. முன் சஸ்பென்ஷனையும் பீட்டிலைப் போலவே, பின்னோக்கி நீளும் கைகளாகச் செய்திருந்தார்கள். கார் முதல் தடவையாக மேட்டில் ஏறி இறங்கி 'மூச்சு விட்டது'.

ஆனால் ஸ்பிரிங் இருந்தால் மட்டும் போதாது. இதற்கு நல்ல உதாரணம் 1984-ல் வந்த தமியா கிராஸ்ஹாப்பர். விலை குறைவு, எளிய அமைப்பு, எக்கச்சக்கமாக விற்ற கார். பின்புறம் மோட்டார், கியர் பெட்டி, அச்சு எல்லாம் ஒரே கட்டியாக மேலும் கீழும் ஆடும். ஷாக்கில் எண்ணெய் கிடையாது, வெறும் ஸ்பிரிங்தான். மேட்டில் ஏறினால் ஒரு தடவை துள்ளி நிற்காது, துள்ளிக்கொண்டே போகும். பெயரே வெட்டுக்கிளி, பொருத்தம் பிரமாதம்! அதே ஆண்டு வந்த அதன் அண்ணன் ஹார்னெட்டில் பின்பக்கம் எண்ணெய் ஷாக் கொடுத்தார்கள்.

ஏன் துள்ளுகிறது? ஸ்பிரிங்குக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். எவ்வளவு அமுக்கினாலும் அதே அளவு திருப்பித் தள்ளும். இதை முதலில் சொன்னவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். 1676-ல் எழுத்துக்களைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார், வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்று. விடையைச் சொன்னது 1678-ல். (இரண்டு வருடம் பொறுத்திருந்த அவர் மனசு யாருக்கு வரும்!) ஸ்பிரிங் வாங்கிக்கொண்ட சக்தியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுத்துவிடும். அந்தச் சக்தியைச் சூடாக மாற்றித் தீர்ப்பது எண்ணெயின் வேலை. ஷாக்கின் உள்ளே சிறு துளைகள் போட்ட பிஸ்டன், சிலிகான் எண்ணெய்க்குள் நகரும். துளை வழியாக எண்ணெய் கஷ்டப்பட்டு நுழையும்போது துள்ளல் அடங்குகிறது.

இதை ஒழுங்காகச் செய்து காட்டிய கார், அதே 1984-ல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் வெளியிட்ட ஆர்சி10. வடிவமைத்தவர் ரோஜர் கர்டிஸ். தங்க நிற அலுமினியத் தொட்டி போன்ற சேஸிஸ், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனிக் கைகள், நான்கு அலுமினிய எண்ணெய் ஷாக், அதன் மேல் சுற்றிய ஸ்பிரிங். பொம்மைத்தனம் எதுவும் இல்லை. 1985-ல் கலிஃபோர்னியாவின் டெல்மாரில் பத்தில் ஒரு பங்கு அளவு மண் தரைக் கார்களுக்கு முதல் உலகப் போட்டி நடந்தது. இரு சக்கர இயக்கப் பிரிவில் ஜே ஹால்சி ஆர்சி10-ஐ ஓட்டி வென்றார். நான்கு சக்கர இயக்கப் பிரிவில் யோக்கோமோ காரோடு கில் லோசி ஜூனியர் வென்றார். 1987-ல் ஜோயல் ஜான்சன் கியோஷோ அல்டிமாவில் வென்றார். பிற்பாடு ஜப்பானின் மசாமி ஹிரோசாகா பல பிரிவுகளிலுமாகச் சேர்த்து 14 உலகப் பட்டங்களை எடுத்துக்கொண்டு போனது தனிக் கதை.

இந்தப் போட்டிகள்தான் ஸ்பிரிங் வியாபாரத்துக்கு விதை. பெட்டியில் ஒரே ஒரு ஜோடி ஸ்பிரிங் வந்த காலம் போய், மென்மை, நடுத்தரம், கடினம் என்று தனித்தனிப் பாக்கெட்டுகள் வந்தன. அடையாளத்துக்கு நிறம் பூசினார்கள். குழப்பமும் சேர்ந்தே பிறந்தது, ஏனென்றால் எந்த நிறம் எந்தக் கடினம் என்று நிறுவனங்களுக்குள் பொதுவான ஏற்பாடு கிடையாது. ஒருவரின் நீலம் இன்னொருவரின் சிவப்பு. பாக்கெட்டில் எண் போட்டாலும் அமெரிக்கர்கள் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பார்கள், ஜப்பானியர்கள் மில்லிமீட்டருக்கு இத்தனை கிராம் என்பார்கள். (அங்குலத்துக்கு 1 பவுண்டு என்பது மில்லிமீட்டருக்குச் சுமார் 18 கிராம்.) எண்ணெயிலும் இதே கதைதான். ஒரு நிறுவனத்தின் 30-ஆம் எண்ணும் இன்னொன்றின் 30-ஆம் எண்ணும் ஒரே கெட்டி என்று நம்ப முடியாது.

கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்பிரிங்கின் கடினம் கம்பியின் தடிமனுக்கு நான்காம் அடுக்கில் கூடும். 1.2 மி.மீ. கம்பிக்குப் பதில் 1.3 மி.மீ. கம்பி போட்டால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் கடினம் 38 சதவீதம் ஏறிவிடும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் யார் கண்ணுக்குத் தெரியும்? அதே போல, சுற்றுகளைக் குறைத்தால் ஸ்பிரிங் கடினமாகும். நீளமான ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டால் 'சாஃப்ட்' ஆகும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இப்போது எல்லோரும் ஏமாறும் இடத்துக்கு வருவோம். ஷாக்கின் மேலே ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் வளையம் ஒன்று உண்டு. பழைய ஆர்சி10-ல் பிளாஸ்டிக் கிளிப்புகளைச் செருகுவார்கள், பிற்காலக் கார்களில் மரை போட்ட காலர். அதை இறக்கினால் ஸ்பிரிங் அமுங்கும், கையால் அழுத்தினால் கார் விறைப்பாகத் தெரியும். 'ஸ்பிரிங்கை டைட் பண்ணியாச்சு' என்று சொல்வார்கள். உண்மையில் ஸ்பிரிங் துளிகூடக் கடினமாகவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார் எடை 1500 கிராம், ஒரு சக்கரத்துக்கு 375 கிராம். சக்கரத்தில் உணரும் கடினம் மில்லிமீட்டருக்கு 30 கிராம் என்றால், கார் நிற்கும்போது 12.5 மி.மீ. அமுங்கியிருக்கும். காலரை இறக்கினால் என்ன ஆகும்? சக்கரம் தாங்கும் எடை அதே 375 கிராம்தானே! ஆகவே அமுங்குவதும் அதே 12.5 மி.மீ.தான், காரின் உயரம் மட்டும் கூடும். மேலும் 30 கிராம் வைத்தால் முன்பு போலவே ஒரு மி.மீ. இறங்கும். காலர் என்பது உயரத்தைச் சரிசெய்யும் கருவி. (அளவுக்கு மீறி இறக்கினால் ஷாக் முழுசாக நீண்டு முட்டிக்கொள்ளும், கார் தன் எடைக்கு அமுங்கவே அமுங்காது. அது வேறு வியாதி.)

நிஜமாகவே கடினத்தை மாற்ற வேண்டுமானால் ஒன்று ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், அல்லது ஷாக் மாட்டும் இடத்தை மாற்ற வேண்டும். போட்டிக் கார்களில் ஷாக் மாட்ட வரிசையாகத் துளைகள் இருப்பது அழகுக்காக அல்ல. சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஷாக் 6 மி.மீ. அமுங்கினால், சக்கரத்தில் தெரிவது ஸ்பிரிங் கடினத்தில் 36 சதவீதம். ஷாக்கை வெளிப்பக்கத் துளைக்கு நகர்த்தி அது 7 மி.மீ. அமுங்கினால் 49 சதவீதம். விகிதத்தின் வர்க்கம் என்பதால் ஒரு துளை தள்ளி மாட்டுவதே ஒரு பாக்கெட் ஸ்பிரிங் வாங்குவதற்குச் சமம். காசும் மிச்சம்! முன் ஸ்பிரிங்கின் எண்ணையும் பின் ஸ்பிரிங்கின் எண்ணையும் நேராக ஒப்பிடக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

நிஜக் கார் உலகம் இந்தப் பாடத்தை 1930-களிலேயே படித்துவிட்டது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் காடிலாக்குக்குப் போன மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், 1932-ல் ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் எடைகளை நகர்த்தி நகர்த்தி வைத்து, ஆட்களை உட்கார வைத்து ஓட்டிச் சோதித்தார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மென்மையாக இருந்தால் பயணம் சுகமாக இருக்கிறது என்று கண்டார். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்னால் ஏறுவது சற்று வேகமாக ஆடினால்தான் முன்னதன் ஆட்டத்தை எட்டிப் பிடிக்க முடியும். அவருக்குப் பிறகு ஸ்பிரிங்கின் கடினத்தைவிட, நொடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்பதையே பொறியாளர்கள் பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கணக்கைச் சின்னக் காருக்குப் போட்டால் சுவாரசியமான விடை வரும். சாதாரணப் பயணிகள் கார் நொடிக்கு ஒன்றேகால் தடவை போல ஆடும். மேலே சொன்ன 12.5 மி.மீ. அமுங்கும் கார் நாலரைத் தடவை ஆடும். காரைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கலாம், பூமியின் ஈர்ப்பைச் சுருக்க முடியாதே! சின்னக் கார் எப்போதும் படபடவென்று தெரிவது அதனால்தான், அமைப்பில் தவறு இருக்க வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் மென்மை நல்லதா, கடினம் நல்லதா? இரண்டும் இல்லை. வளைவில் திரும்பும்போது எடை உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது. டயரின் மேல் எடையை இரட்டிப்பாக்கினால் பிடி அந்த அளவுக்கு இரட்டிப்பாவதில்லை, கொஞ்சம் குறைவாகவே கூடும். ஆகவே எடை அதிகமாக மாறும் அச்சு மொத்தத்தில் பிடியை இழக்கும். முன்னும் பின்னும் எது கடினமோ அதுதான் அந்த மாற்றத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். முன்னால் கடினமான ஸ்பிரிங் போட்டால் கார் திரும்ப மறுத்து நேராக ஓடப் பார்க்கும்; பின்னால் போட்டால் வால் வீசிச் சுற்றும். தூசி பறக்கும் மண்ணில் மென்மையான ஸ்பிரிங் உதவும். பிடி அதிகமுள்ள கம்பளத் தரையில் அதே ஸ்பிரிங்கோடு போனால், கார் சாய்ந்து குட்டிக்கரணம் அடிக்கும்.

சாம்பியனின் செட்டப் தாளை அப்படியே காப்பி அடிப்பவர்கள் தோற்பது இங்கேதான். அந்தத் தாள் அந்த ஊர்த் தரைக்கு, அந்த டயருக்கு, அன்றைய வெயிலுக்கு எழுதியது. அதிலும் ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணெயை விட்டுவிடுவார்கள். ஸ்பிரிங் 44 சதவீதம் கடினமானால், அதே அடக்கம் கிடைக்க எண்ணெயின் தடுப்பு 20 சதவீதம் கூட வேண்டும். கூட்டாவிட்டால் 1984-ன் வெட்டுக்கிளி திரும்பி வந்துவிடும்.

அந்த வெட்டுக்கிளியைத் தமியா 2005-ல் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. தங்கத் தொட்டி ஆர்சி10 2013-ல் மறுபதிப்பாக வந்தது. இன்று அப்படி ஒன்றையோ புதிய கார் ஒன்றையோ வாங்கி, நிறங்கள் புரியாமல் விழிப்பவர்களுக்கு ஒரு சமையலறைத் தராசு போதும். ஸ்பிரிங்கைத் தராசின் மேல் நிறுத்தி, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, சரியாக 5 மி.மீ. அமுக்கிக் கிராம் எவ்வளவு என்று படித்து ஐந்தால் வகுக்க வேண்டும். வரும் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அந்தப் பாக்கெட்டிலேயே போட்டுவிடலாம்.