பீட்டா மென்பொருளை நம்பித் தொழில் செய்யலாமா?

ஒரு மென்பொருள் முழுமையாகத் தயாராவதற்கு முன், பிழைகளைக் கண்டறிவதற்காகப் பயனாளர்களிடம் கொடுக்கப்படும் சோதனைப் பதிப்பையே பீட்டா என்கிறோம். புதிய வசதிகள் முதலில் கிடைக்கின்றன, பெரும்பாலும் இலவசம் என்பதால், கடைக் கணினியிலும் பலர் இதை நிறுவிவிடுகிறார்கள்.

பீட்டா என்ற பெயரைக் கண்டாலே பயப்பட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஜிமெயில் 2004 முதல் 2009 வரை அந்தப் பெயரோடுதான் இருந்தது. ஆனால் அது கூகுளின் சர்வரில் இயங்கியது. பிழை வந்தால் அவர்களே அங்கே சரிசெய்துகொண்டார்கள். நம் கணினியில் நிறுவுவது அப்படியல்ல.

அடிக்கடி நின்றுபோவதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பழைய நிலைக்குத் திரும்ப முடியாமல் போவதுதான் பெரிய சிக்கல். ஐபோனில் பீட்டா பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பு ஏற்காமல் போகலாம். விண்டோஸ் இன்சைடர் பதிப்புகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. அதிலிருந்து விலக, பல நேரங்களில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும். அன்றைய வியாபாரம் என்னாவது?

சோதனை முடிந்து வந்ததும் கூடத் தவறலாம். 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய கோப்புகளை அழித்துவிட்டது. சோதனைக் காலத்திலேயே சிலர் புகார் செய்திருந்தும் அது கவனத்தில் படவில்லை. பிறகு மைக்ரோசாஃப்ட் வெளியீட்டை நிறுத்தி வைத்தது.

எனவே பில் போடும், கணக்கு எழுதும் கணினியில் பீட்டா வேண்டாம். ஆர்வமிருந்தால் பழைய லேப்டாப் ஒன்றில், கோப்புகளின் நகலை மட்டும் வைத்துப் பரிசோதியுங்கள். பிழை கண்டால் தயாரித்தவர்களுக்கு எழுதுங்கள்.