செத்த காலேஜும் உயிர் காலேஜும்: சென்னையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காக



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து ஆற அமர வாசியுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் பாதிப்பேர் இன்று சென்னையில் இருக்கிறீர்கள். தாம்பரம், அம்பத்தூர், வேளச்சேரி என்று ஆளுக்கொரு மூலையில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், மாதக் கடைசியில் கையைப் பிசையும் சம்பளம். போனில் பேசும்போது பல பேர் சொல்வது ஒன்றுதான்: "டீச்சர், ஞாயித்துக்கிழமை பிள்ளைகள மாலுக்குக் கூட்டிட்டுப் போனா ரெண்டாயிரம் ரூபாய் காலி. கூட்டிட்டுப் போகலேன்னா செல்போனை விட்டு எந்திரிக்க மாட்டேங்குதுக."

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் நாற்பது வருஷம் பாடம் நடத்திய வாய், வரலாறு சொல்லாமல் விடாது. சென்னையில் குறைந்த செலவில் பார்க்கக்கூடிய இடங்கள்தான் அந்த ஊரின் பெருமதிப்புள்ள இடங்கள். அவற்றில் பல, ஒரு காலத்தில் நம்மைப் போன்றவர்கள் வாசலில்கூட நிற்க முடியாத இடங்கள். அவை எப்படிப் பொதுமக்களுக்கு வந்து சேர்ந்தன என்று தெரிந்தால், பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது "காசில்லாமல் இங்கே வந்திருக்கிறோம்" என்ற எண்ணம் உங்களுக்கு வராது.

*முதலில் எழும்பூர் மியூசியம்*

பழைய மெட்ராஸ்வாசிகள் மியூசியத்தை "செத்த காலேஜ்" என்றும், மிருகக்காட்சிசாலையை "உயிர் காலேஜ்" என்றும் சொல்வார்கள். கேலிப் பேச்சு மாதிரி தெரியும். ஆனால் அதற்குள் சரித்திரம் இருக்கிறது.

1851-இல் அரசு அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில். கம்பெனி அதிகாரிகள் தமிழ், தெலுங்கு படிப்பதற்காக இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டிடத்தில்தான் ஆரம்பம். (ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரிந்த டிபிஐ வளாகம்தான் அந்த இடம்!) காலேஜுக்குள் செத்த பிராணிகளைப் பாடம் பண்ணி வைத்திருந்ததால் ஜனங்கள் வைத்த பெயர் "செத்த காலேஜ்".

அதன் பொறுப்பாளராக இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். உயிருள்ள விலங்குகளையும் வைத்தால் ஜனங்கள் ஆர்வமாக வருவார்கள் என்று கண்டுகொண்டவர் அவர். ஆர்க்காட்டு நவாப் வளர்த்த விலங்குகளையும் கேட்டு வாங்கி, 1855-இல் மிருகக்காட்சிசாலையை ஆரம்பித்தார். அதுதான் "உயிர் காலேஜ்".

இதற்குள் மியூசியம் எழும்பூரில் பாந்தியன் என்ற கட்டிடத்துக்கு மாறிவிட்டது. பாந்தியன் சாலை என்ற பெயர் அதனால் வந்ததே. அந்தப் பாந்தியன் எதற்கு இருந்தது தெரியுமா? வெள்ளைக்காரச் சீமான்களும் சீமாட்டிகளும் விருந்து சாப்பிட, நடனமாட, நாடகம் பார்க்க. அப்படிப்பட்ட இடத்துக்குள் கூலிவேலை செய்தவரும், மூட்டை தூக்கியவரும் குடும்பத்தோடு நுழைந்தார்கள் என்றால், அது சின்ன விஷயமா?

நம் ஊர்க்காரர்களுக்கு அங்கே தனி உரிமையே உண்டு. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழாய்வு செய்தார். அவர் எடுத்த வெண்கலப் பொருட்கள், இரும்பு ஆயுதங்கள், தங்க நெற்றிப்பட்டங்கள் எல்லாம் எழும்பூர் மியூசியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தன. தாமிரபரணிக் கரையில் வாழ்ந்தவர்கள் தாழிக்குள் வைத்த பொருட்கள் நமக்கு முன்பே ரயிலேறிச் சென்னைக்குப் போய்விட்டன! கோவில்பட்டியில் ஏறி எழும்பூரில் இறங்குகிற நாம், ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் அவை இருக்கின்றன. பிள்ளைகளிடம் "இது நம்ம ஆச்சி ஊருக்குப் பக்கத்துல கிடைச்சது" என்று சொல்லிப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்ப்பார்கள்.

திருவாலங்காட்டு நடராசரை வெண்கலப் பிரிவில் காட்டுங்கள். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் பழைய கற்கால மனிதரின் கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவுக்கும் கற்காலம் உண்டு என்று அந்த ஒரு கல் உலகத்துக்குச் சொன்னது. பல்லாவரத்தில் குடியிருக்கும் பிள்ளைகளே, அது உங்கள் ஏரியா! திமிங்கல எலும்புக்கூட்டைச் சின்னப் பிள்ளைகள் விடவே மாட்டார்கள்.

*காணாமல் போன பூங்கா*

இப்போது வருத்தமான கதை ஒன்று.

"உயிர் காலேஜ்" 1863 வாக்கில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. பெயரே மக்கள் பூங்கா. கவர்னர் டிரெவெல்யன் காலத்தில் உருவானது. 116 ஏக்கர். நகரத்தின் நெரிசலான தெருக்களில் வாழ்ந்தவர்கள் மூச்சு வாங்க ஒரு பச்சை நிலம். நெடுங்காலம் மெட்ராஸுக்கு வந்த கிராமத்து ஜனங்கள் பார்க்காமல் திரும்பாத இடம்.

இன்று அதைத் தேடிப் போனால் என்ன இருக்கிறது? ஒரு பக்கம் விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது. 1900-இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913-இல் ரிப்பன் மாளிகை வந்தது. பிறகு விளையாட்டு அரங்கம். 1985-இல் மூர் மார்க்கெட் தீயில் எரிந்தது. அந்த இடத்தில் ரயில்வே கட்டிடம். அதே 1985-இல் மிருகக்காட்சிசாலை வண்டலூருக்குப் போனது. விலங்குகளுக்கு அது நல்லது, காட்டுக்குள் விசாலமான இடம். ஆனால் நகரத்தின் நடுவே மக்களுக்கென்று இருந்த 116 ஏக்கரில் மிச்சம் மை லேடீஸ் பூங்கா மாதிரி ஓரிரு துண்டுதான். பார்க் ஸ்டேஷன் என்ற பெயர் இருக்கிறது. பார்க் இல்லை.

அங்கே வந்த கட்டிடங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பொதுக் காரியத்துக்குத்தான். யாரும் ஒரே நாளில் பூங்காவைப் பிடுங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நம் ஊரில் கண்மாய் சுருங்குவதைப் போல, சுருங்கிப் போனது. இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

*கவர்னரின் மான்கள்*

கிண்டியில் இருப்பது சிறுவர் பூங்கா மட்டும் இல்லை. அதன் பின்னால் இருக்கும் காடு, ஒரு காலத்தில் கவர்னருடைய கிண்டி மாளிகையைச் சேர்ந்தது. அந்தக் காட்டின் ஒரு பகுதி ஐஐடிக்கும் நினைவு மண்டபங்களுக்கும் போனது. மீதியில் சுமார் 270 ஹெக்டேர் 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. ஒரு பெருநகரத்துக்குள் இப்படி ஒரு காடு இருப்பது அபூர்வம்.

அங்கே புள்ளிமானும் வெளிமானும் உண்டு. வெளிமான் என்றதும் நமக்கு வல்லநாடு ஞாபகம் வர வேண்டும். நம் மாவட்டத்து வல்லநாட்டு மலையில் 1987 முதல் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. சென்னையில் பார்த்துவிட்டு, ஊருக்கு வரும்போது வல்லநாட்டையும் காட்டினால் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முழுமையாகும். பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. கோட்டூர்புரம் பக்கம் போனால் 1988-இல் திறந்த பிர்லா கோளரங்கம். நம் கரிசல் காட்டில் மொட்டை மாடியில் படுத்தால் தெரிகிற நட்சத்திரம், சென்னைப் பிள்ளைகளுக்கு அந்த இருட்டு அறைக்குள்தான் தெரிகிறது. அதையாவது காட்டுங்கள்.

*கடற்கரையில் நம் ஊர்ப் பெரியவர்கள்*

மெரினாவுக்கு டிக்கெட் கிடையாது. உலகத்திலேயே பெரிய இலவசப் பள்ளிக்கூடம் என்று நான் சொல்வேன்.

அவ்வளவு அகலமான மணல் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. 1870-களில் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்தபின், தெற்கிலிருந்து வரும் மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டு இந்தப் பக்கம் சேர்ந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் நிலத்தைத் தின்றது. ஒரு பக்கம் சேர்ந்தால் இன்னொரு பக்கம் குறையும். புவியியல் பாடம் இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் பாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். காற்று வாங்கத்தான் போட்டார்; ஜனங்கள் அதைக் கூட்டம் போடவும் உரிமை கேட்கவும் பயன்படுத்திக்கொண்டார்கள். 1907-இல் விபின் சந்திர பாலரை அழைத்து வந்து இந்த மணலில் பேச வைத்தவர்களில் நம் எட்டயபுரத்துப் பாரதியும் ஒருவர்.

1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது கடற்கரைச் சாலையில் வரிசையாகச் சிலைகள் வைத்தார்கள். அதில் எத்தனை பேர் நம் பக்கத்துக்காரர்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். எட்டயபுரத்துப் பாரதி. ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல். இத்தாலியிலிருந்து வந்து நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் தங்கிப் பணி செய்த வீரமாமுனிவர். நம் ஊரைச் சுற்றிய நாலு பேர் சென்னைக் கடற்கரையில் நிற்கிறார்கள்! சிலைக்குச் சிலை நடந்து ஆளுக்கொரு கதை சொன்னால் ஒரு சாயங்காலம் போய்விடும். 1959-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பாறையைப் புரட்டும் நாலு பேரைக் காட்டி, உங்கள் அப்பா அம்மா தீப்பெட்டி ஆபீஸிலும் கரிசல் காட்டிலும் பாடுபட்டதைச் சொல்லுங்கள்.

கடலில் மட்டும் இறங்க விடாதீர்கள். அலை இழுத்துவிடும். காணும் பொங்கல் கூட்டத்தில் போலீஸார் பிள்ளைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள், கட்டாயம் கட்டிக்கொள்ளுங்கள்.

*கோட்டைக்குள் கயத்தாறு*

1799 அக்டோபர் 16 எந்த நாள் என்று என் மாணவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். நம் ஊர் மண்ணில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நாள். அந்தக் கம்பெனி ஆட்சியின் தலைமையிடம் புனித ஜார்ஜ் கோட்டை. 1792-இல் நவாபோடு செய்த உடன்படிக்கையால் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையைக் கம்பெனி வாங்கிக்கொண்டது; அதிலிருந்துதான் எல்லாம் மூண்டது. இன்று அந்தக் கோட்டைக்குள் நம் சட்டமன்றம் கூடுகிறது. உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தில் கம்பெனி காலத்து ஆயுதங்களும் நாணயங்களும் இருக்கின்றன. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊரிலிருந்து போன பிள்ளை, அந்தக் கோட்டை வாசலில் தலைநிமிர்ந்து நுழைய வேண்டும். எனக்கு அது ஓர் ஆசை.

*போகிற வழியும் ஒரு பயணம்தான்*

கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓட ஆரம்பித்தது. ஜன்னல் ஓரம் உட்காரவைத்து ஸ்டேஷன் பெயர்களை வாசிக்கச் சொன்னால், தமிழ் வாசிப்புப் பயிற்சியும் ஆயிற்று. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அம்மாவும் பெண்பிள்ளைகளும் ஊரையே சுற்றலாம். மழை நாளாக இருந்தால் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. மியூசியம் வளாகத்திலேயே 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகமும் இருக்கிறது.

சில குறிப்புகள்:
- மியூசியத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை லீவு. கிண்டிக்கும் வண்டலூருக்கும் செவ்வாய்க்கிழமை லீவு.
- டிக்கெட் விலை அவ்வப்போது மாறுகிறது. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டலூருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். வருஷத்துக்கு ஒரு தடவை வைத்துக்கொள்ளுங்கள்.
- ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். நாலு இடம் ஓடினால் பிள்ளைக்குக் கால்வலிதான் ஞாபகம் இருக்கும்.
- புளிச்சோறு, தண்ணீர், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள். மெரினாவில் சுண்டல் வாங்கிக் கொடுங்கள். அந்தச் செலவு நியாயமான செலவு.
- திரும்பி வந்ததும் பார்த்ததில் ஒன்றை வரையச் சொல்லுங்கள். எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பச்சை மையில் டிக் போட்டு அனுப்புவேன்.

*கடைசியாக*

சீமான்கள் ஆடிய மண்டபம் மியூசியம் ஆனது. கவர்னரின் காடு பிள்ளைகள் மான் பார்க்கும் இடம் ஆனது. ஆனால் மக்கள் பூங்கா என்றே பெயர் வைத்த இடம் மக்களிடம் மிஞ்சவில்லை. நமக்கு ஒன்று வந்து சேர்ந்துவிட்டது என்பதால் அது நம்மிடம் அப்படியே இருந்துவிடாது. ஆள் நடமாட்டம் உள்ள வீட்டில்தான் விளக்கு எரியும். நம் பிள்ளைகள் போய்ப் பழகாத இடத்தை நாளைக்கு யாராவது வேறெதற்காவது கேட்டால், "அது எங்க இடம்" என்று சொல்ல ஒரு வாய்கூட இருக்காது.

மாலில் நீங்கள் வாடிக்கையாளர். காசு இருக்கிற வரை மரியாதை. மியூசியத்திலும் நூலகத்திலும் மெரினாவிலும் நீங்கள் சொந்தக்காரர். உங்கள் வரிப்பணம், உங்கள் தாத்தா பாட்டி கட்டிய வரிப்பணம் அதில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் பத்து வயதுக்குள் காலால் நடந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த இடத்துக்குப் போனீர்கள், பிள்ளை என்ன கேள்வி கேட்டது என்று கீழே எழுதுங்கள். பதில் தெரியாத கேள்வியாக இருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். சேர்ந்து தேடுவோம்.

எல்லாரும் நல்லா இருங்க.

உங்கள் டீச்சர்,
கயத்தாறு