மேய்ப்பரும் மலைச் சுயாட்சியும்: நிக்கல்ஸ் ராயின் அரசியல், தருமபுரியிலிருந்து ஒரு நோக்கு

1937ஆம் ஆண்டு ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாகப் பதவியேற்ற ராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி, தாம் பிறந்த தொரப்பள்ளிக் கிராமம் அடங்கிய சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமலுக்குக் கொண்டுவந்தபோது, இன்று தனி மாவட்டமாக விளங்கும் தருமபுரியும் அந்த ஜில்லாவின் ஒரு பகுதி என்ற முறையில் மாகாணத்தின் முதல் மதுவிலக்குப் பிரதேசத்துக்குள் வந்தது. மரங்களில் கட்டியிருந்த கள்ளுக் கலயங்கள் இறங்கின. கலால் வருமானம் குன்றியதை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி பிறந்தது. இப்பரிசோதனையின் தார்மிக உயர்வைக் குறைத்து மதிப்பது என் நோக்கமன்று. திருச்செங்கோட்டு ஆசிரமத்தில் ‘விமோசனம்’ பத்திரிகை நடத்திய காலந்தொட்டே குடியின் கொடுமையைக் குடிசைகளுக்குள் சென்று கண்டறிந்த ஒருவருடைய பரிபூரண நம்பிக்கையின் விளைவு அது. ஆயினும் அது மாகாணத் தலைநகரில் இயற்றப்பட்டு ஜில்லாவுக்கு இறங்கிவந்த சட்டம்; ஊராரின் சம்மதம் என்பதை அது ஒரு நிபந்தனையாக வைக்கவில்லை, சமவெளி ஊர்களுக்கும் வைக்கவில்லை, அதே தருமபுரியின் சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் வைக்கவில்லை.

அதே 1937ஆம் ஆண்டில், தேசத்தின் மறுகோடியில், சையது முகமது சாதுல்லா அமைத்த அஸ்ஸாம் மந்திரிசபையில், மதுவை ராஜாஜிக்குச் சற்றும் குறையாத உறுதியுடன் பாவமெனக் கருதிய மற்றொருவர் இடம்பெற்றிருந்தார். அவர் கிறிஸ்தவ மதப்போதகர், காஸி மலைவாசி, ஜேம்ஸ் ஜாய் மோகன் நிக்கல்ஸ் ராய் என்பது பெயர். சமய ஒழுக்கத்தில் பழைமைவாதியான ஒரு போதகர் அரசியலுக்கு வரும்போது, தம் சபையின் விதிகளை அரசின் தண்டத்தைக் கொண்டு எல்லாப் பிரஜைகள் மீதும் சுமத்தவே முயல்வார் என்பது பொதுவான அபிப்பிராயம். நிக்கல்ஸ் ராயின் அரசியல் வாழ்வு இந்த அபிப்பிராயத்தைத் திருத்திக்கொள்ள நம்மைக் கட்டாயப்படுத்துகிறது என்பதும், அத்திருத்தம் தருமபுரியின் மலைகளைப் பற்றிச் சிந்திப்பவர்க்கு இன்றியமையாதது என்பதும் என் துணிபு.

காஸி மலைகளின் தென்சரிவில் உள்ள ஷெல்லா என்னும் ஊரில் 1884 ஜூன் 12ஆம் தேதி அவர் பிறந்தார். வேல்ஸ் தேசத்துப் பிரெஸ்பிட்டேரியன் மிஷனைச் சேர்ந்த தாமஸ் ஜோன்ஸ் 1841இல் சிரபுஞ்சிக்கு வந்து காஸி மொழிக்கு ரோமன் எழுத்தில் வரிவடிவம் அமைத்ததிலிருந்து அந்நாட்டில் கல்வியும் கிறிஸ்தவமும் ஒரே வாசல் வழியாக நுழைந்தன. ராயின் 13ஆம் பிறந்த நாளன்று, 1897 ஜூன் 12இல், ஷில்லாங்கின் கல் கட்டிடங்களையெல்லாம் தரைமட்டமாக்கிய பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. அதையடுத்த ஆண்டுகளில் அவர் கிறிஸ்தவரானார். கல்கத்தா சர்வகலாசாலையில் பட்டம் பெற்ற அவர், வேல்ஸ் மிஷனை விட்டு விலகி, அமெரிக்காவில் 1881இல் தோன்றிய சர்ச் ஆஃப் காட் என்னும் பரிசுத்த இயக்கத்தில் சேர்ந்து, அதன் போதகராகவே இறுதிவரை விளங்கினார். அவ்வியக்கத்தைச் சார்ந்த அமெரிக்க மாதான நோரா எவலின் நிக்கல்ஸை மணந்து அக்குடும்பப் பெயரையும் தம் பெயருடன் இணைத்துக்கொண்டார். மதுவும் புகையிலையும் விசுவாசிகளுக்கு ஆகாதவை என்பதில் அச்சபை எவ்விதச் சலுகையும் காட்டுவதில்லை.

இந்தக் கண்டிப்பு காஸி சமூகத்தில் என்ன பொருள்பட்டது என்பதைச் சற்று அருகிருந்து பார்க்க வேண்டும். அரிசியைப் புளிக்கவைத்துத் தயாரிக்கும் பானம் அங்கே களைப்பாற்றும் குடி மட்டுமன்று. பழைய சமயச் சடங்குகளில் தெய்வத்துக்கு வார்க்கப்படும் பொருளும் அதுவே. ஆகவே குடியை விடுவதென்பது குலத்தின் சம்பிரதாயத்தை விடுவதாகவே முடிந்தது. 1899இல் ஸெங் காஸி என்னும் ஸ்தாபனம் தோன்றி, மிஷன்களின் செல்வாக்குக்கு எதிராகப் பூர்விக சமயத்தையும் வழக்கங்களையும் காக்க முற்பட்டதற்கு இத்தகைய பிளவுகளே காரணம். தம் மக்களின் ஒரு பகுதியினர் புனிதமெனப் போற்றியதைப் பாவமெனப் பிரசங்கித்தவர் ராய். அவரே பின்னர் அம்மக்கள் அனைவரின் வழக்கங்களுக்கும் அரசியல் சாசனப் பாதுகாப்புத் தேடினார் என்பதுதான் அவருடைய வாழ்வின் மையமான பிரச்சினை.

அவருடைய பதவிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 1921இல் தொடங்கியது அவருடைய சட்டசபை வாழ்வு. இரட்டையாட்சிக் காலத்திலும், சாதுல்லாவிடத்திலும், 1946இல் கோபிநாத் பர்தலைய் அமைத்த மந்திரிசபையிலும் அவர் அமைச்சர். அரசியல் நிர்ணய சபையின் சிறுபான்மையினர் ஆலோசனைக் குழு அஸ்ஸாமின் பழங்குடிப் பிரதேசங்களைக் குறித்து ஆராய அமைத்த உபகுழுவில் பர்தலைய் தலைமையில் அவர் அங்கம் வகித்ததே சரித்திர முக்கியத்துவம் உடையது. தக்கர் பாபா என்று போற்றப்பட்ட ஏ. வி. தக்கரும், ரூப்நாத் பிரம்மாவும் உடனிருந்த அக்குழு 1947 ஜூலையில் அளித்த அறிக்கையிலிருந்து விரிந்ததே சாசனத்தின் ஆறாம் அட்டவணை.

1949 செப்டம்பரில் அந்த அட்டவணை சபையின் விவாதத்துக்கு வந்தபோது, மலைப் பிரதேசங்களுக்குச் சுயாட்சி தருவது தேசத்தைத் துண்டாடும் என்று சிலரும், மலைமக்களைச் சமவெளியின் பண்பாட்டுக்குள் கொண்டுவருவதே முறை என்று சிலரும் வாதித்தனர். அவர்களுக்கு மறுமொழி கூறிய ராய், பண்பாடு என்பது உடையிலும் உணவிலும் இருப்பதா என்று கேட்டு, வர்க்க பேதமும் ஜாதி பேதமும் இல்லாத மலைச்சமூகத்தின் சமத்துவத்தை எடுத்துக்காட்டி, எல்லைப்புறத்து மக்கள் மனநிறைவுடன் வாழ்வதே தேசத்துக்குப் பாதுகாப்பு என்றும் வற்புறுத்தினார். கிறிஸ்தவப் பிரசங்கியாரின் வாயிலிருந்து கிறிஸ்தவராகாத காஸிகளின் சமூக அமைப்புக்கு இத்தகைய புகழுரை எழுந்தது கவனிக்கத்தக்கது. தம் சபை வேறு, தம் ஜனங்கள் வேறு என்ற தெளிவு அதில் இருக்கிறது.

அட்டவணையின் 3ஆம் பத்தி நிலம், காப்புக்காடு அல்லாத காடு, கிராம நிர்வாகம், தலைவர்களின் நியமனம், சொத்துரிமை, திருமணம், சமூக வழக்கம் ஆகியவை பற்றிச் சட்டமியற்றும் அதிகாரத்தை, வயதுவந்தோர் வாக்குரிமையால் பெரும்பான்மை உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்படும் மாவட்டக் கவுன்சிலுக்கு அளிக்கிறது. 12ஆம் பத்தி இதற்கும் ஒருபடி மேலே செல்கிறது. வடித்தெடுக்கப்படாத மதுவகையைக் குடிப்பதைத் தடைசெய்யும் அல்லது கட்டுப்படுத்தும் எந்த மாநிலச் சட்டமும், மாவட்டக் கவுன்சில் தானே அறிவித்தாலன்றி, சுயாட்சி மாவட்டத்தில் செல்லாது என்று அது விதிக்கிறது. வடித்த சாராயத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வீட்டில் புளிக்கவைக்கும் அரிசிப் பானத்துக்கு உண்டு. இவ்வாசகம் ராய் ஒருவரின் கைவண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். குழுவின் கூட்டு உழைப்பு அது. ஆனால் மதுவை முற்றாக வெறுத்த ஒரு மேய்ப்பர், தாம் தம் அரசியலின் சிகரமாகக் கருதிய ஒரு சாசனப் பகுதியில் இவ்வாசகம் அமைந்திருப்பதை ஏற்றுக்கொண்டார் என்பது சாதாரண விஷயமன்று. குடிக்கலாகாது என்பதைப் பிரசங்க மேடையிலிருந்து மக்களுக்குச் சொல்லலாம். சட்டமாக்குவதானால் அம்மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சில் அதைச் செய்யட்டும் என்னும் நிலை இது.

அரசியலுக்கு வந்த போதகர்கள் எல்லாரும் ஒரே போக்கினர் அல்லர் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றுகளும் உண்டு. ஹாலந்தில் ஆப்ரகாம் கைப்பர் என்ற சீர்திருத்த சபைப் போதகர் 1879இல் கட்சி கண்டு, 1901 முதல் 1905 வரை பிரதமராக இருந்தார். குடும்பம், திருச்சபை, பள்ளி முதலிய ஒவ்வொன்றும் தன் வட்டத்துக்குள் தன்னாட்சி உடையது. அரசு அவற்றுள் புகலாகாது என்பது அவர் கோட்பாடு. வட அயர்லாந்தின் போதகர் இயன் பெய்ஸ்லியோ, தன்பால் சேர்க்கையைக் குற்றமாக வைத்திருந்த சட்டத்தைத் தளர்த்தலாகாது என்று 1977இல் பேரியக்கம் நடத்தியவர். அவரே 2007இல் தம் ஜென்மப் பகைவரென எண்ணியிருந்த கட்சியுடன் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொண்டார். ராய், தம்மை அறியாமலே, கைப்பரின் பக்கம் நெருங்கி நிற்கிறார். பழைமைவாதப் போதகர்களை ஒரே இனமாகக் கருதி எழுதுவது ஆராய்ச்சிக்கு அழகன்று.

ஆறாம் அட்டவணையை மலைமக்கள் யாவரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் மறைத்தலாகாது. நாகர்கள் அதை நிராகரித்தனர். அவர்கள் மாவட்டத்தில் கவுன்சில் அமையவே இல்லை. 1959 நவம்பரில் ராய் காலமான பின், அஸ்ஸாமிய மொழிச் சட்டத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் அவர் மகன் ஸ்டான்லி நிக்கல்ஸ் ராய் முன்னணியில் நின்றார். 1972 ஜனவரியில் மேகாலயம் தனி மாநிலமாயிற்று. தந்தை போதுமென எண்ணிய சுயாட்சி மகனின் தலைமுறைக்குப் போதவில்லை.

இனித் தருமபுரிக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் ஆறாம் அட்டவணைப் பிரதேசம் இல்லை என்பது யாவரும் அறிந்ததே. ஐந்தாம் அட்டவணைப் பிரதேசமும் ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை என்பதைப் பலர் அறியார். ஆகையால் 1996இல் ஐந்தாம் அட்டவணையில் அடங்கிய பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு விசேஷ அதிகாரங்கள் அளித்த மத்திய சட்டம் சித்தேரிக்கும் வத்தல்மலைக்கும் எட்டவில்லை. மலைமக்களுக்கென ஒரு சபையும் இல்லாத நிலையில் நேர்ந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1992 ஜூன் 20ஆம் தேதி சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், சந்தனக்கட்டை தேடுவதாக வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் புரிந்த கொடுமைகளில் 18 பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடன் எஞ்சியிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வருவதற்கு 2011 செப்டம்பர் வரை 19 ஆண்டுகள் ஆயின. ஆறாம் அட்டவணை இருந்திருந்தால் அது நிகழ்ந்திராது என்று கூறுவது மிகை. காப்புக்காட்டை அவ்வட்டவணையும் கவுன்சிலுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் தலைமை நகரிலிருந்து வரும் அதிகாரிகளுக்கு எதிரே நின்று பேச, அம்மலைமக்களுக்கென்று சட்டத்தால் ஏற்கப்பட்ட ஒரு சபை இருந்திருக்கும்.

மதுவின் விஷயத்திலும் இதே நிலைதான். 1937இல் கலயங்களை இறக்கியது சென்னைச் சர்க்கார்; 1971இல் விலக்கைத் தளர்த்தியதும், 1974இல் மீண்டும் விதித்ததும், 1981இல் மறுபடி கடைகளைத் திறந்ததும், 1983இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனத்திடம் 2003இல் சில்லறை விற்பனையையே ஒப்படைத்ததும் சென்னைச் சர்க்காரே. ராஜாஜியின் தார்மிகமும், பின்வந்தோரின் வருவாய்க் கணக்கும் தருமபுரியின் ஊர்களை ஒரே வழியாகத்தான் வந்தடைந்தன. ஷில்லாங்கின் போதகர் இசைந்த 12ஆம் பத்தியைப் போன்றதொரு வாசகம், பூட்டவேண்டுமென்றாலும் திறக்கவேண்டுமென்றாலும், அவ்வூர்களின் கையில் இன்றுவரை இல்லை.