இடம் மாறிய துகள்

நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உட்காதில் உருவாகிவிடுகிறது அந்தத் துகள். கால்சியம் கார்பனேட் படிகம். பெரியதே ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்குதான் இருக்கும். யூட்ரிக்கிள் என்ற சிறு பைக்குள், கூழ் போன்ற படலத்தின் மேல், கூட்டமாகப் பதிந்து கிடக்கும். பஸ் சட்டென்று கிளம்பினால் துகள்களின் கனத்தால் படலம் சற்றே பின்தங்கும். அடியிலுள்ள நுண்முடிகள் வளையும். உடல் நகர்வதை மூளை அறியும்.

வயது ஏற ஏறப் பிடிப்பு தளர்கிறது. தலையில் அடிபட்டாலும் துகள்கள் கழன்றுகொள்ளும். கழன்றவை அருகிலுள்ள மூன்று அரைவட்டக் குழாய்களில் ஒன்றுக்குள் இறங்குகின்றன. பின்குழாய் தாழ்வாக இருப்பதால் பெரும்பாலும் அதில்தான்.

வம்பு அங்கே தொடங்குகிறது. படுக்கையில் புரண்டாலோ, பரணைப் பார்க்க அண்ணாந்தாலோ, துகள்கள் குழாயில் சரிந்து திரவத்தையும் இழுத்துச் செல்லும். தலை அசையாமல் இருந்தாலும் சுழல்வதாகவே மூளைக்குச் செய்தி போகும். துகள்கள் அடங்கியதும், ஒரு நிமிடத்துக்குள், சுற்றலும் நிற்கும். நாமோ பித்தம் என்போம், பிரஷர் என்போம்.

ஸ்கேனில் இந்தத் துகள் தெரியாது. கண்தான் காட்டிக்கொடுக்கும். லண்டனில் மார்கரெட் டிக்ஸும் சார்ல்ஸ் ஹால்பைக்கும் 1952இல் விவரித்த சோதனை இன்றும் கைகொடுக்கிறது. நோயாளியை உட்காரவைத்து, தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, தலை கட்டிலின் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி வேகமாகச் சாய்ப்பார்கள். சில விநாடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு கருவிழிகள் மேல்நோக்கியும், கீழே இருக்கும் காதின் பக்கமாகச் சுழன்றும் துடிக்கும். சற்று நேரத்தில் அடங்கும். பின்குழாயில், அதுவும் அந்தக் காதில்தான் துகள் என்பது உறுதி.

வந்த வழியே திருப்பி அனுப்பும் முறையை அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்டார். சாய்த்த தலையை எதிர்ப்பக்கம் திருப்பி, உடலோடு புரட்டி, முகம் தரையைப் பார்க்க வைத்து, பின் உட்கார வைப்பது. நிலைக்கு நிலை சிறிது காத்திருப்பு. துகள்கள் குழாயைச் சுற்றி வந்து மறுபடி யூட்ரிக்கிளுக்குள் விழும். பலருக்கு ஓரிரு முறையிலேயே குணம். சிலருக்குப் பின்னாளில் திரும்பவும் வரலாம். அப்போதும் இதே வைத்தியம்தான்.

படுத்தால், புரண்டால் மட்டும் தலை சுற்றுகிறதா? மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவதற்கு முன், இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் சுற்றலோடு பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கைகால் மரத்தாலோ, நடக்க முடியாமல் போனாலோ அது காதின் கோளாறு என்று காத்திருக்காதீர்கள். பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.