கன்றின் பங்கு

யாழ்ப்பாணத்து அடுப்படியிலே "பால் விடு பிள்ளை" என்றால் தேங்காய்ப்பால்தான் விடுவார்கள். முதற்பால், கப்பிப்பால், பாற்சொதி எல்லாமே தேங்காயின் சொத்து. மாடு தருவதை மட்டும் பசுப்பால் என்று பிரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அப்படியானால் பசுவின் பால் நமக்கு எவ்வாறு உணவாயிற்று, நேயர்களே?

சங்ககாலத்து இடையர்களிடம் பாலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்ச்சி விற்பது மோரும் நெய்யும். விடியலிலே தயிர் கடைந்து, மோர் விற்றுச் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வாங்கமாட்டாள். எருமையும் பசுவுமே வேண்டும். பொன் கன்று போடாதல்லவா!

ஏன் மோர்? வெயில் நாட்டிலே பால் நெடுநேரம் கெடாமல் இராது என்பது ஒன்று. மற்றக் காரணம் வயிற்றிலே இருக்கிறது. பாற்சர்க்கரையைச் சமிக்கச் செய்யும் லக்டேஸ் என்ற நொதியம், பால்குடி மறந்தபின் பலருக்குக் குறைந்துவிடும். வளர்ந்த பின்பும் அதைக் காத்துத்தரும் மரபணு மாற்றம் இந்தியாவின் வடமேற்கில் மிகுதி, தெற்கே வரவரக் குறைவு என்று 2012 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. உறைமோர் விட்டால் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைப் புளிப்பாக்கிவிடும். வயிறு தயங்கிய வேலையைத் தயிர்ச்சட்டி செய்திருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். குறுந்தொகையிலே வெள்ளிவீதியார் மண்ணிற் சிந்திய பாலை உவமை சொல்லும்போது, கன்று இழந்ததைத்தான் முதலில் சொல்கிறார். கறக்கும் கலம் அதற்குப் பிறகுதான்.

செம்மண்ணுக்கும் வாழைக்கும் பேர்போன நீர்வேலியிலும் இந்த வரிசையே இருந்தது. அவ்வூர்ப் பிள்ளையார் கோயிலின் பெயர் வாய்க்கால்தரவை. தரவை என்றால் புல்வெளி, மாடு மேயும் இடம். தோட்டக்காரருக்கு மாடு முதலில் எருவுக்கும் உழவுக்கும். நாட்டுப்பசு கறப்பதோ கொஞ்சம். கன்று ஊட்டி மடி சுரந்தபின்பே செம்பைப் பிடிப்பார்கள். கிடைத்தது குழந்தைக்கு, நோயாளிக்கு, அபிஷேகத்துக்கு.

பெரியவர்களை நாள்தோறும் பாலுக்குப் பழக்கியது தேத்தண்ணீர். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபின் நியூசிலாந்துப் பால்மா பெருகியது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, மாடுகளைக் கட்டவிழ்த்து விட்டுவிட்டே பலர் நடந்தார்கள். 1996 இல் திரும்பியவர்களுட் பலருக்கு மாடு கட்டிய கட்டைதான் மிஞ்சியிருந்தது. பட்டி மறுபடி பெருக ஆண்டுகள் வேண்டும். பால்மாப் பைக்கற்றுக்குக் கடைவரை நடந்தாற் போதும். 2021 இல் டொலர் தட்டுப்பாடு வந்ததும், அந்தப் பைக்கற்றுக்கும் நாடெங்கும் வரிசை நின்றது.