பிப்ரவரி 9 வந்த வழி

பிப்ரவரி 9 அன்று கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால், ஊழியர்கள் வரிசையில் நின்று கையை நீட்டி உறுதிமொழி எடுப்பதைப் பார்க்கலாம். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு தினம். வேடிக்கை என்னவென்றால், அந்த முறை ஒழிந்தது இந்தத் தேதியில் அல்ல. 1975 அக்டோபரிலேயே அவசரச் சட்டம் வந்துவிட்டது. எத்தனையோ பேரைச் சிறையில் தள்ளிய நெருக்கடி நிலைதான் இந்த விடுதலையையும் தந்தது! அதன் இடத்தில் வந்த சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த நாள் 1976 பிப்ரவரி 9. அதுவே நினைவு நாளாக ஒட்டிக்கொண்டது.

இதன் முன்கதை கடற்கரையில் தொடங்குகிறது. 1659-61இல் தஞ்சைச் சீமையைப் பஞ்சம் வாட்டியபோது, டச்சு வியாபாரிகள் ஆயிரக்கணக்கானோரை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து மொரீஷியஸுக்கு ஆள் கொண்டுபோனார்கள். பின்னாளில் பிரிட்டிஷார் கைக்கு வந்த அந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்த நாள் 1835 பிப்ரவரி 1. இன்று அங்கே அது அரசு விடுமுறை.

நஷ்டஈடு யாருக்குப் போனது தெரியுமா? எஜமானர்களுக்கு! தன் காலனிகள் அனைத்துக்குமாக பிரிட்டன் ஒதுக்கிய 2 கோடி பவுனில் அடிமைகளுக்குச் சல்லிக்காசு இல்லை. மொரீஷியஸில் அவர்கள் 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் 1839 வரை பழைய எஜமானிடமே வேலை செய்ய வேண்டியிருந்தது. கரும்புத் தோட்டக்காரர்களோ முன்யோசனைக்காரர்கள். 1834 நவம்பர் 2 அன்றே கல்கத்தாவிலிருந்து 'அட்லஸ்' கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு வந்து சேர்ந்தது. சென்னைக் கரையிலிருந்து தமிழர்களும் பின்னால் போனார்கள். நவம்பர் 2ம் அங்கே விடுமுறைதான். பக்கத்து ரீயூனியன் தீவில் 1848 டிசம்பர் 20 அன்று விடுதலை; அந்த நாள் விடுமுறையானது 1983இல்.

இந்தியாவில்? அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டின் லண்டன் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளை விட்டுவைத்தது. 1843இன் ஐந்தாம் சட்டம், அடிமை மீதான உரிமையைக் கோர்ட் ஏற்காது என்று மட்டும் சொன்னது. பண்ணையார்கள் அசரவில்லை, அடிமை பண்ணையாளானான், சங்கிலியின் இடத்தில் கடன் வந்தது. அப்பன் வாங்கிய நெல்லுக்கு மகன் உழைத்தான். செங்கல் சூளையில் அந்தக் கடனின் இன்றைய பெயர் அட்வான்ஸ்.

1976 சட்டம் கை வைத்தது அந்தக் கடன் கணக்கு நோட்டில்தான். கொத்தடிமைக் கடன் முழுவதும் ரத்து. மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ், மறுவாழ்வுத் திட்டத்தின்படி உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை. என்னைக் கேட்டால், சட்டத்தின் கூர்மையான பகுதி 15ஆம் பிரிவு: இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால் போதும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்.

செண்பகத்தோப்பு மலையடிவாரமோ, ராஜபாளையத்துப் பக்கமோ, அட்வான்ஸைக் காட்டி யாரையாவது ஊருக்குப் போகவிடாமல் வைத்திருப்பது தெரிந்தால் கோட்டாட்சியரிடம் ஒரு மனு கொடுங்கள். அதற்குப் பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டாம்.