சூதாட்டச் சட்டமும் நம் கைப்பேசியும்: ஒரு சிறு வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அறந்தாங்கிப் பக்கத்து மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், நம்ம ஊர்ல ஆன்லைன் ரம்மிக்குத் தடைங்கிறாங்க. இங்க அரசாங்கமே லாட்டரி நடத்துது. எது சார் சரி?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

கேள்வி மிகப் பழையது. சூதுக்கென்று ஒரு அதிகாரியை நியமித்து, குறித்த இடத்தில் மட்டும் ஆட விட்டு, ஜெயித்த பணத்தில் நூற்றுக்கு ஐந்து வசூலிக்கச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். திருக்குறளோ பொருட்பாலில் 'சூது' என்று ஓர் அதிகாரமே ஒதுக்கி, அதன் பக்கமே போக வேண்டாம் என்கிறது. வரி போட்டு நடத்துவதா, அடியோடு விலக்குவதா? இன்றைக்கும் உலக நாடுகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடுகின்றன.

வெள்ளைக்காரர் காலத்தில் 1867-ல் பொதுச் சூதாட்டச் சட்டம் வந்தது. சென்னை நகரத்துக்கு 1888-ம் வருடத்துக் காவல் சட்டம், மாகாணத்தின் மற்ற பகுதிகளுக்கு 1930-ம் வருடத்துச் சூதாட்டச் சட்டம். நம் புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணைந்தோம். அடுத்த வருடமே மாகாணச் சட்டங்கள் பலவற்றை இணைந்த பகுதிகளுக்கும் நீட்டிக்க ஒரு சட்டம் இயற்றினார்கள். பிறகு அரசியல் சாசனம், பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் 34-வது இனம் என்று வைத்தது. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழியில் போனதற்கு இதுதான் காரணம்.

அந்தப் பழைய சட்டங்கள் பிடித்தது ஒரு 'இடத்தை'. ஒரு வீடு, அதற்குள் சீட்டுக்கட்டு, நடுவில் பணம், வாசலில் காவலுக்கு ஓர் ஆள். போலீஸ் நுழைந்தால் எல்லாம் கையோடு சிக்கும். திறமையால் ஆடும் ஆட்டத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டுதான் ரம்மி தப்பித்தது. 1968-ல், செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்றது உச்ச நீதிமன்றம். மூணு சீட்டு அப்படியல்ல, அது முழுக்க அதிர்ஷ்டம் என்றும் சொன்னது. இந்த முதல் பாதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே தீர்ப்பில் இன்னொரு வாசகமும் உண்டு: பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப்காரர் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்பது அதன் சாரம். அந்தப் பாதியை வசதியாக மறந்துவிட்டார்கள்.

அதே 1968-ல் இரண்டு அரசுகள் ஒரே மாதிரி யோசித்தன. அண்ணா முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு அரசு லாட்டரி தொடங்கியது. கேரளா ஒரு வருடம் முந்திக்கொண்டிருந்தது. அங்கே சிங்கப்பூரில், கள்ளச் சூதாட்டத்தை ஒடுக்க அரசே சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. அவர்கள் இன்றுவரை அதே பாதையில் போகிறார்கள். நாம் இடையில் நிறுத்தி, மறுபடி தொடங்கி, கடைசியில் 2003-ல் எல்லா லாட்டரி விற்பனையையும் தடை செய்தோம். ஒரு நம்பர், சுரண்டல் என்று பேருந்து நிலையங்களில் கூலிக்காரர்களின் நாள் சம்பளம் கரைந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தடைக்குப் பிறகும் மூணு நம்பர் லாட்டரி திருட்டுத்தனமாக நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு கைப்பேசி வந்தது. பிடிப்பதற்கு வீடு இல்லை, வாசலில் ஆள் இல்லை. பக்கத்துப் படுக்கையில் மனைவி தூங்க, போர்வைக்குள் ஆட்டம் நடக்கும். கிளப்பில் ஆடினால் விளக்கை அணைத்து வீட்டுக்கு அனுப்ப ஒருவர் இருப்பார். இங்கே அவரும் இல்லை.

தமிழ்நாட்டில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வர, 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் நிலை என்ன என்று ஆசிரியர்களிடமே அரசு கருத்துக் கேட்டது. அக்டோபரில் சட்டசபை புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஒப்புதல் தாமதமானபோது ஆளுநரை நேரில் சந்தித்து வலியுறுத்திய சட்ட அமைச்சர் நம் திருமயம் தொகுதியின் எஸ்.ரகுபதி. 2023 மார்ச்சில் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். சபை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம், அதிர்ஷ்ட ஆட்டங்களைத் தடுக்கலாம், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றை ஒழுங்குபடுத்த மட்டும் செய்யலாம் என்றது.

அதன்படி 2025 தொடக்கத்தில் விதிகள் வந்தன. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது. ஜூன் 3 அன்று நீதிமன்றம் இதை ஏற்றது. எனக்கு இந்த விதி பிடித்திருந்தது. விட்ட பணத்தைப் பிடிக்கிறேன் என்று மனிதன் தடுமாறுவது அந்த இருட்டு நேரத்தில்தான்.

வெளிநாடுகளையும் பாருங்கள். பிரிட்டன் 2005-ம் வருடத்துச் சட்டத்தால் இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுத்தது. பிறகு ஒவ்வொரு கயிறாக இறுக்கிக்கொண்டு வருகிறது. 2020-ல் கிரெடிட் கார்டால் பந்தயம் கட்டத் தடை, 2025-ல் இணைய ஸ்லாட் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஐந்து பவுண்டு உச்சவரம்பு, 25 வயதுக்குக் கீழே இரண்டு பவுண்டுதான். அமெரிக்காவில் 2018-ல் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துவிட, மாநிலம் மாநிலமாக விளையாட்டுப் பந்தயம் பரவியது. ஆஸ்திரேலியாவில், ஆட்டத்திலிருந்து தன்னைத் தானே விலக்கிக்கொள்ள 2023 முதல் தேசியப் பதிவேடு இருக்கிறது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்காக இயங்கிய சூதாட்ட நிறுவனங்களை உரிமம் கொடுத்து வளர்த்த பிலிப்பைன்ஸ், அவற்றைச் சுற்றி மோசடியும் ஆள்கடத்தலும் பெருகவே 2024-ல் இழுத்து மூடச் சொன்னது. சிங்கப்பூர்க் கசினோவுக்குள் உள்நாட்டுக்காரர் நுழையவே 150 வெள்ளி கட்ட வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு அந்தக் கட்டணம் இல்லை. தன் மக்களைக் காப்பது, அடுத்தவன் பணத்தை வரவேற்பது. கணக்கு புரிகிறதா?

நம் மத்திய அரசும் இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. 2023 அக்டோபர் முதல் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வாங்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு வருடம், ஐம்பது லட்சம் வரை. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே அந்தச் சட்டம் பார்க்கிறது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த டிரீம்11, பண ஆட்டத்தை நிறுத்தி ஒப்பந்தத்திலிருந்தும் விலகியது. எதிர்த்துத் தொடுத்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

இனி என்ன ஆகும்? இங்கே பதிவு செய்து வரி கட்டிய நிறுவனங்கள் கடையை மூடும். குராசாவோ போன்ற தீவில் உரிமம் வாங்கி, வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ஆள் பிடிப்பவன் மூட மாட்டான். அவனுக்கு ஆதாரும் தெரியாது, நள்ளிரவும் தெரியாது. 2003-க்குப் பிறகு லாட்டரியில் கண்டது இதுதான். அதற்காகத் தடை வீண் என்று நான் சொல்லவில்லை. பேருந்து நிலையத்தில் கூவி விற்பது நின்றதே, அதனால் பிழைத்த குடும்பங்கள் உண்டு. ஆனால் தடை போட்ட மறுநாளே வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

வரலாறு படித்தவனாக எனக்குப் படுவது இது. திறமையா அதிர்ஷ்டமா என்று ஐம்பது வருடத்துக்கு மேல் வாதாடினோம். 1968 தீர்ப்பின் மறந்துபோன பாதி கேட்ட கேள்விதான் முக்கியம்: யார் லாபம் எடுக்கிறார்கள்? திருவிழா இரவில் நாலு பேர் உட்கார்ந்து ஆடினால், ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுப்பார், பணம் ஊருக்குள் சுற்றும். ஆப்பில் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடத்துபவர் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறார். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஆட ஆட, மேசையில் மொத்தப் பணம் குறைந்துகொண்டேதான் போகும். இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கழித்தல் போதும்.

வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகளே, அனுப்புவதோடு நிற்காதீர்கள். அந்தப் பணம் எங்கே போகிறது என்று மாதம் ஒருமுறை தம்பியிடம் அன்பாகக் கேளுங்கள். கடன் ஆப்பும் ஆட்ட ஆப்பும் ஒரே போனில் இருந்தால் உஷாராகுங்கள். யாராவது மாட்டிக்கொண்டால் திட்டாதீர்கள். தலைகுனிவுக்குப் பயந்துதான் பலர் உயிரை விட்டார்கள். மனம் உடைந்தவர்கள் 14416 எண்ணில் பேசலாம். மோசடியில் பணம் போனால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930. பழைய சென்னைச் சூதாட்டச் சட்டத்தின் வருடமும் அதுதான், மறக்காது!